படத்தின் பின்புறம்

உரைநடைப் பாடம்

நுழையும் முன்

நூறு ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த கவிஞர்களையும் நடிகர்களையும் நாம் நேரில் கண்டதில்லை. ஆயினும் அவர்களுடைய முகங்கள் நமக்குத் தெரிகின்றன. அம்முகங்களை நமக்குத் தந்தவை எவை? அவை அனைத்தும் ஒரே அளவு உண்மையானவையா? நம் வீட்டுப் பெரியவர்களின் முகங்கள் நமக்குப் பின் வருவோருக்குத் தெரியுமா? இவ்வினாக்களுக்கு விடை தேட இப்பாடம் உதவும்.

1. பெட்டியில் கிடைத்த படம்

தில்லியில் வாழும் ஒரு தமிழ்க் குடும்பம் வீடு மாறியது. பரணில் இருந்த தகரப் பெட்டியை இறக்கித் துடைத்தபோது, பழைய துணிகளுக்கு அடியில் தடித்த அட்டையில் ஒட்டப்பட்ட புகைப்படம் ஒன்று கிடைத்தது. எட்டாம் வகுப்பில் பயிலும் அவ்வீட்டுச் சிறுமி அதைச் சன்னல் அருகே கொண்டுசென்று உற்றுப் பார்த்தாள்.

படத்தில் இரண்டு இளைஞர்கள் இருந்தனர். ஒருவர் நாற்காலியில் அமர்ந்திருந்தார். மற்றவர் அவருடைய தோளில் கை வைத்து நின்றார். அவர்களுக்குப் பின்னால் தொங்கிய திரையில் மாளிகைத் தூண்களும் படிக்கட்டும் தீட்டப்பட்டிருந்தன. அமர்ந்திருந்தவரின் தலைமுடி பின்னோக்கி வாரப்பட்டுப் பிடரி வரை இறங்கியிருந்தது.

“அப்பா, இவர்கள் யார்?” என்று கேட்டாள் சிறுமி.

தந்தை படத்தை நெடுநேரம் பார்த்தார். “தெரியவில்லையம்மா. உன் தாத்தா இருந்திருந்தால் சொல்லியிருப்பார்” என்றார்.

தாத்தா மறைந்து மூன்று ஆண்டுகள் ஆகியிருந்தன. சிறுமி அட்டையைத் திருப்பினாள். பின்புறத்தில் ஓர் எழுத்துக்கூட இல்லை.

இத்தகைய படம் ஒன்றேனும் இல்லாத வீடு அரிது. முகம் இருக்கும், பெயர் இருக்காது. அப்படத்தைப் பற்றி நாம் எவ்வாறு அறிவது? புகழ்பெற்றவர்களின் பழைய படங்களை அறிஞர்கள் எவ்வாறு ஆராய்கிறார்கள் என்று முதலில் காண்போம். பின்னர் இச்சிறுமியின் படத்திற்குத் திரும்புவோம்.

2. ஒளி வரைந்த உருவம்

புகைப்படம் எடுக்கும் முறை 1839ஆம் ஆண்டு பாரிசு நகரில் உலகிற்கு அறிவிக்கப்பட்டது. சில ஆண்டுகளிலேயே அக்கலை இந்தியாவுக்கும் வந்துவிட்டது. 1856இல் சென்னையில் புகைப்படக் கலைஞர்களின் சங்கம் ஒன்று தோன்றியது. 1858இல் லின்னேயஸ் டிரைப் என்னும் ஆங்கிலேயர் மதுரை, தஞ்சாவூர் ஆகிய ஊர்களின் கோயில்களையும் அரண்மனைகளையும் படம் எடுத்தார். அப்படங்கள் இன்றும் உள்ளன.

வெள்ளி கலந்த சில உப்புகள் ஒளி பட்டால் கருமையாகும். இவ்வியல்பே புகைப்படத்திற்கு அடிப்படை. அவ்வுப்பைப் பூசிய கண்ணாடித் தகட்டைக் கேமராவினுள் வைப்பர். ஒளி மிகுதியாகப் பட்ட இடம் கருமையாகவும், படாத இடம் தெளிவாகவும் அமையும். இதனை நெகட்டிவ் என்பர். இதைத் தாளின்மேல் வைத்து மீண்டும் ஒளி பாய்ச்சினால், கருமையும் வெண்மையும் இடம் மாறி நாம் காணும் படம் உருவாகும்.

அந்நாளில் படம் எடுத்துக்கொள்வது எளிய செயலன்று. மக்கள் நல்லாடை உடுத்தி ஸ்டுடியோவுக்குச் சென்றனர். கேமராவின் முன் சில நொடிகள் அசையாமல் இருக்க வேண்டும். அசைந்தால் உருவம் கலங்கிவிடும். பழைய படங்களில் பலரும் சிரிக்காமல் இறுகிய முகத்துடன் இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். அவர்கள் சினம் கொண்டவர்கள் என்று எண்ணிவிடலாகாது.

நிறத்தைப் பற்றியும் ஒன்று அறிந்துகொள்ள வேண்டும். அக்காலத்துத் தகடுகள் நீல ஒளியை நன்கு உணர்ந்தன; சிவப்பு ஒளியைப் பெரும்பாலும் உணரவில்லை. ஆகவே சிவப்பு நிறச் சேலை படத்தில் ஏறத்தாழக் கறுப்பாகத் தெரியும். நெற்றியில் இட்ட குங்குமமும் கரும்பொட்டாகவே தெரியும். வெளிர் நீல ஆடையோ வெள்ளையாகத் தோன்றும். எனவே, ‘படத்தில் கறுப்பாகத் தெரிகிறது; ஆதலால் ஆடையின் நிறம் கறுப்பு’ என்று உறுதியாகக் கூற இயலாது. பழைய படங்களுக்கு இன்று கணினியால் வண்ணம் ஏற்றுவோரின் வண்ணங்கள் பெரும்பாலும் ஊகமே.

பழைய படத்தைப் பார்ப்பவர் முதலில் நினைவில் கொள்ள வேண்டிய செய்தி இதுவே: புகைப்படம் சான்றுதான், ஆனால் அச்சான்றை எப்படிப் படிப்பது என்று தெரிந்திருக்க வேண்டும்.

3. பாரதியாரின் ஐந்து படங்கள்

மகாகவி பாரதியார் 1882 டிசம்பர் 11 அன்று எட்டயபுரத்தில் பிறந்தார். 1921 செப்டம்பரில், நாற்பது வயது நிறைவதற்கு முன்பே, சென்னையில் மறைந்தார். அவருடைய தலைப்பாகையையும் முறுக்கிய மீசையையும் கூரிய பார்வையையும் அறியாத தமிழர் இலர். பள்ளிச் சுவர்களிலும் நூல் அட்டைகளிலும் அம்முகத்தைக் காண்கிறோம். அவருக்கு நூற்றுக்கணக்கான புகைப்படங்கள் இருக்கும் என்று நாம் எண்ணக்கூடும்.

ஆனால், பாரதியாரை நேரில் வைத்து எடுத்தனவாக அறியப்படும் புகைப்படங்கள் ஐந்தே. புதுச்சேரியில் எடுக்கப்பட்டவை இரண்டு. அவற்றுள் ஒன்றில் அவர் தம் மனைவி செல்லம்மாளுடன் இருக்கிறார். மற்றொன்றில் குடும்பத்தினருடனும் நண்பர்களுடனும் இருக்கிறார். 1919இல் காரைக்குடிக்குச் சென்றபோது எடுக்கப்பட்டவை இரண்டு. வாழ்வின் இறுதிக் காலத்தில் சென்னையில் எடுக்கப்பட்டது ஒன்று.

நாம் அன்றாடம் காணும் வண்ணப்படங்கள் ஓவியர்கள் தீட்டியவை. விடுதலைப் போராட்ட வீரரும் ஓவியருமான ஆர்யா என்னும் பாஷ்யம் வரைந்த பாரதியார் ஓவியம் நாடெங்கும் பரவியது. 1932 ஜனவரி 26 அன்று, ஆங்கிலேயரின் காவலையும் மீறிச் சென்னைக் கோட்டைக் கொடிமரத்தில் ஏறி மூவண்ணக் கொடியைப் பறக்கவிட்டவர் இவரே.

ஓவியம் தவறானது என்று கூறுவது நம் நோக்கமன்று. ஓவியர் பாரதியாரின் வீரத்தை நமக்குக் காட்டுகிறார். புகைப்படமோ அந்த ஒரு நாளில், அந்த ஒரு நொடியில் பாரதியார் இருந்த நிலையைக் காட்டுகிறது. ஓவியத்தில் தனித்து நிற்கும் வீரர், புதுச்சேரிப் படத்தில் ஒரு கணவராகவும் தந்தையாகவும் நண்பராகவும் தோன்றுகிறார். இரண்டையும் வேறுபடுத்தி அறிதல் வேண்டும்.

இப்படங்கள் நமக்குக் கிடைத்தது தானாக நிகழ்ந்ததன்று. பாரதியியல் ஆய்வாளர் ரா.அ. பத்மநாபன் பாரதியாரைப் பற்றிய படங்களையும் ஆவணங்களையும் தேடித் திரட்டி, 1957இல் ‘சித்திர பாரதி’ என்னும் நூலாக வெளியிட்டார். பாரதியாரை நேரில் அறிந்த பலர் அன்று உயிருடன் இருந்தனர். அத்தலைமுறை மறைந்த பின் தேடத் தொடங்கியிருந்தால், எத்தனையோ செய்திகள் கிடைக்காமலே போயிருக்கும்.

4. படம் உள்ளவரும் படம் இல்லாதவரும்

தமிழ்த் தாத்தா உ.வே. சாமிநாதையர் 1855இல் பிறந்து 1942இல் மறைந்தவர். ஏட்டுச் சுவடிகளைத் தேடி ஊர் ஊராகச் சென்றவர். 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தவர். தலைப்பாகையும் சால்வையும் அணிந்த அவருடைய முதுமைக்காலப் படத்தை நாம் நூல்களில் காண்கிறோம். இது சிறப்பு நாள்களுக்கு உரிய கோலம். விளக்கொளியில் ஏடுகளைப் புரட்டிக் கண் வருந்த உழைத்த சாமிநாதையரை இப்படம் காட்டவில்லை. படத்தில் ஒருவர் எவ்வாறு தோன்றுகிறாரோ அவ்வாறே எந்நாளும் வாழ்ந்தார் என்று கொள்ளலாகாது.

சாமிநாதையரின் ஆசிரியர் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை (1815–1876). தம் ஆசிரியரின் வரலாற்றைச் சாமிநாதையர் இரண்டு பாகங்களாக எழுதினார். ஆசிரியரின் தோற்றத்தையும் பாடம் சொல்லும் முறையையும் மாணவர்களிடம் காட்டிய அன்பையும் சொற்களால் எழுதி வைத்தார். கேமரா செய்ய இயலாத பணியை ஒரு மாணவரின் எழுத்து செய்தது. ஒருவரைக் காப்பாற்ற ஒளியும் தகடும் மட்டுமே வழியல்ல, எழுத்தும் வழியே.

திருவள்ளுவரின் படம் வேறொரு வகையைச் சேர்ந்தது. வள்ளுவர் காலத்தில் புகைப்படம் இல்லை. நாம் இன்று காணும் உருவம் ஓவியர் கே.ஆர். வேணுகோபால் சர்மா, குறளைப் படித்துத் தம் உள்ளத்தில் கண்டு தீட்டியது. அவ்வுருவம் 1960இல் அஞ்சல்தலையில் இடம்பெற்றது. 1964இல் சட்டமன்றத்திலும் அப்படம் வைக்கப்பட்டது.

வீரபாண்டிய கட்டபொம்மன் 1799இல் கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்டார். அதற்கு நாற்பது ஆண்டுகளுக்குப் பின்னரே புகைப்படம் உலகிற்கு அறிமுகமாயிற்று. ஆயினும் கட்டபொம்மன் என்றவுடன் பலர் மனத்தில் ஒரு முகம் தோன்றுகிறது. அது 1959இல் வெளிவந்த திரைப்படத்தில் அவ்வேடம் ஏற்ற சிவாஜி கணேசனின் முகம். நடிகரின் முகம் வரலாற்று மாந்தரின் முகமாகவே மக்கள் நினைவில் பதிந்துவிட்டது.

5. திரை மறைந்தது, படம் எஞ்சியது

இனித் திரையுலகிற்கு வருவோம். இந்தியாவின் முதல் பேசும் படமாகிய ‘ஆலம் ஆரா’ 1931 மார்ச் 14 அன்று பம்பாயில் வெளியாயிற்று. அதைத் தயாரித்த அர்தேசிர் இரானியின் நிறுவனமே தமிழின் முதல் பேசும் படமாகிய ‘காளிதாஸ்’ படத்தையும் பம்பாயில் உருவாக்கியது. இயக்கியவர் எச்.எம். ரெட்டி. அப்படம் 1931 அக்டோபர் 31 அன்று சென்னையில் திரையிடப்பட்டது. தமிழ் முதன்முதலாகத் திரையில் பேசியது. ஆனால் அது பதிவு செய்யப்பட்ட ஊர் தமிழ்நாட்டிற்கு வெளியே இருந்தது. பிற மாநிலங்களில் வாழும் தமிழ் மாணவர்கள் இதனை நினைவில் கொள்ளலாம்.

காளிதாஸ் படத்தின் நாயகி டி.பி. ராஜலட்சுமி. 1911இல் திருவையாற்றில் பிறந்து, நாடக மேடையில் புகழ்பெற்றுத் திரைக்கு வந்தவர். அப்படத்தில் அவர் தமிழில் பேச, உடன் நடித்தவர்கள் தெலுங்கிலும் இந்தியிலும் பேசினர். பின்னர், தாம் எழுதிய ‘கமலவல்லி’ என்னும் புதினத்தை ‘மிஸ் கமலா’ என்னும் பெயரில் 1936இல் தாமே திரைப்படமாக இயக்கினார். தமிழில் திரைப்படம் இயக்கிய முதல் பெண்மணி அவரே.

இப்படங்களை இன்று நாம் பார்க்க இயலுமா? இயலாது. ஆலம் ஆரா, காளிதாஸ், மிஸ் கமலா ஆகிய மூன்றின் படச்சுருள்களும் இன்று இல்லை. அக்காலத்துப் படச்சுருள் நைட்ரேட் என்னும் பொருளால் ஆனது. அது எளிதில் தீப்பற்றும். வெப்பமும் ஈரமும் பட்டால் தானாகவே சிதையும். ஓடி முடிந்த படத்தின் சுருளைக் காப்பதில் ஊதியம் இல்லை என்று பலர் கருதினர். சுருளில் உள்ள வெள்ளியைப் பிரித்தெடுப்பதற்காகவும் பல படங்கள் அழிக்கப்பட்டன. ஆயிரக்கணக்கானோர் கண்டு மகிழ்ந்த நடிப்பு, கேட்டு மகிழ்ந்த குரல் ஆகியவை இவ்வாறு மறைந்தன.

எஞ்சியவை சில நிலைப்படங்களும் பாட்டுப் புத்தகங்களும் விளம்பரங்களுமே. நிலைப்படம் என்பது படச்சுருளிலிருந்து வெட்டி எடுத்ததன்று. காட்சி படமான பின், நடிகர்களை அதே தோற்றத்தில் நிறுத்தித் தனிக் கேமராவால் எடுப்பதாகும். திரையரங்கு வாயிலில் வைப்பதற்கும் பத்திரிகைகளுக்கு அனுப்புவதற்கும் அதைப் பயன்படுத்தினர். சில வாரங்களுக்கு மட்டும் பயன்பட வேண்டும் என்று எடுத்த விளம்பரப் படம், முழுத் திரைப்படமும் அழிந்த பின் அதற்கு ஒரே சான்றாக நின்றுவிட்டது.

6. பாகவதர் கிராப்பு

எம்.கே. தியாகராஜ பாகவதர் 1934இல் ‘பவளக்கொடி’ படத்தின் வழியாகத் திரைக்கு வந்தார். அவருடைய இசையில் தமிழ்நாடு மயங்கியது. 1944 தீபாவளியன்று வெளியான ‘ஹரிதாஸ்’, சென்னை பிராட்வே திரையரங்கில் மூன்று தீபாவளிகளைக் கண்டது.

பாகவதர் தம் முடியைப் பின்னோக்கி வாரிப் பிடரி வரை வளர்த்திருந்தார். அவருடைய படங்கள் நாட்காட்டிகளிலும் பாட்டுப் புத்தகங்களிலும் பரவின. அவற்றைக் கண்ட இளைஞர்கள் தாமும் அவ்வாறே முடி வளர்த்தனர். அதற்குப் ‘பாகவதர் கிராப்பு’ என்ற பெயரும் வழங்கலாயிற்று. அத்தகைய முடியுடன் ஓர் இளைஞர் தோன்றும் படம், பெரும்பாலும் 1930களின் பிற்பகுதியிலோ 1940களிலோ எடுத்ததாக இருக்கலாம்.

தலைமுடி, ஆடை, அணிகலன், நாற்காலி, பின்திரை, அட்டையில் அச்சிட்ட ஸ்டுடியோவின் பெயர் ஆகிய ஒவ்வொன்றும் படத்தின் காலத்தையும் இடத்தையும் உணர்த்தும். புகழ்பெற்றவரின் நாளறிந்த படங்கள், நாளறியாத எளியவர்களின் படங்களுக்கு அளவுகோலாகின்றன.

7. காத்தவர்கள்

பழைய படங்களைச் சேர்த்துக் காப்பதையே வாழ்நாட் பணியாகக் கொண்டவர்கள் சிலர் உளர். ஃபிலிம் நியூஸ் ஆனந்தன் தமிழ்த் திரைப்படங்களின் நிலைப்படங்களையும், ஒவ்வொரு படத்தின் ஆண்டு, கலைஞர், நிறுவனம் முதலிய செய்திகளையும் பல்லாண்டுகள் திரட்டினார். படத்தைச் சேர்ப்பதோடு நில்லாமல், அதில் உள்ளவர் யார் என்ற குறிப்பையும் சேர்த்ததே அவர் பணியின் சிறப்பு.

செட்டிநாட்டுக் கோட்டையூரைச் சேர்ந்த ரோஜா முத்தையா தம் வாழ்நாள் முழுவதும் தமிழ் நூல்களையும் இதழ்களையும் பாட்டுப் புத்தகங்களையும் சேர்த்தார். அச்சேகரிப்பே இன்று சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகமாக விளங்குகிறது. இந்திய அரசும் 1964இல் புனே நகரில் தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகத்தை நிறுவியது.

புகழ்பெற்றோரின் படங்களைக் காக்க நூலகங்களும் காப்பகங்களும் உள்ளன. நம் வீட்டுப் பெட்டியில் உள்ள படத்தைக் காக்க யார் உளர்? அப்பணி அவ்வீட்டாருடையதே.

8. மீண்டும் அந்தப் படம்

தில்லிச் சிறுமி பள்ளியில் இப்பாடத்தைப் படித்தாள். அன்று மாலை அப்படத்தை மீண்டும் எடுத்துப் பார்த்தாள். பிடரி வரை இறங்கிய முடியைக் கண்டவுடன், “அப்பா, இது பாகவதர் கிராப்பு! இந்தப் படம் எடுத்து எண்பது ஆண்டுகளாவது இருக்கும்” என்றாள்.

தந்தை வியந்தார். சற்றுச் சிந்தித்து, “அப்படியானால் அத்தைக்குத் தெரிந்திருக்கலாம்” என்றார். தாத்தாவின் தங்கையாகிய அத்தைப்பாட்டி கும்பகோணத்தில் வாழ்கிறார். அவருக்கு வயது தொண்ணூற்றொன்று.

உடனே கைப்பேசியில் அழைத்தனர். சிறுமி படத்தைத் திரையின் அருகே பிடித்தாள். அத்தைப்பாட்டி கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு பார்த்தார். சற்று நேரம் அவர் பேசவில்லை.

“இவர் எங்கள் பெரியண்ணன். உனக்குப் பெரிய தாத்தா” என்றார் பின்னர். “பம்பாய்க்கு வேலைக்குப் போவதற்கு முதல்நாள் எடுத்த படம் இது. ஹரிதாஸ் படத்தை எத்தனை முறை பார்த்தாரோ! முடியை வெட்டச் சொல்லி எங்கள் அப்பா எவ்வளவு கண்டித்தும் கேட்கவில்லை. அப்போது எனக்குப் பன்னிரண்டு வயது இருக்கும்.”

“நிற்பவர் யார், அத்தைப்பாட்டி?”

“அண்ணனின் நண்பன். நம் வீட்டுத் திண்ணையில்தான் எப்போதும் இருப்பான். அம்மா கையால் எத்தனையோ நாள் சாப்பிட்டிருக்கிறான். முகம் நன்றாக நினைவிருக்கிறது. பெயர்தான் வரவில்லை, கண்ணே. உன் தாத்தாவைக் கேட்டிருந்தால் உடனே சொல்லியிருப்பார்.”

மறுநாளும் அதற்கடுத்த நாளும் சிறுமி அழைத்துக் கேட்டாள். அத்தைப்பாட்டிக்குப் பெயர் நினைவுக்கு வரவில்லை.

சிறுமி மென்மையான பென்சிலை எடுத்தாள். அட்டையின் பின்புறத்தில், ஓரமாக, அழுத்தாமல் எழுதினாள். முதலில் பெரிய தாத்தாவின் பெயரை எழுதினாள். அதன் கீழே, ‘கும்பகோணம், 1945 அளவில், பம்பாய் செல்வதற்கு முதல்நாள்’ என்று எழுதினாள். அதன் கீழே, ‘நிற்பவர்: அவருடைய நண்பர். நம் வீட்டில் உண்டவர். பெயர் தெரியவில்லை’ என்று எழுதினாள். இறுதியில், ‘சொன்னவர்: அத்தைப்பாட்டி’ என்று குறித்து, அன்றைய தேதியையும் இட்டாள்.

பின்னர் தந்தையிடம், “அப்பா, பெட்டியில் இன்னும் பதினான்கு படங்கள் இருக்கின்றன. ஞாயிற்றுக்கிழமை அத்தைப்பாட்டியிடம் எல்லாவற்றையும் காட்டிக் கேட்டுவிடலாம்” என்றாள்.

தெரிந்துகொள்வோம்: பழைய படங்களைக் காக்கும் முறை

• படத்தின் முன்பக்கத்தை விரலால் தொடுதல் கூடாது. ஓரங்களைப் பிடித்தே எடுக்க வேண்டும்.
• வெயில், ஈரம், சமையலறைப் புகை ஆகியவை படாத இடத்தில் வைக்க வேண்டும்.
• கிழிந்த படத்தை ஒட்டும் நாடாவால் ஒட்டுதல் கூடாது. லேமினேஷன் செய்தலும் கூடாது.
• பின்புறத்தில் மென்மையான பென்சிலால் ஓரத்தில் எழுத வேண்டும். பேனா மை முன்பக்கம் வரை ஊறிவிடும்.
• கைப்பேசியில் ஒரு படி எடுத்து, பெயரும் ஊரும் ஆண்டும் சேர்த்துச் சேமிக்க வேண்டும். படி எடுத்த பின்னும் மூலப் படத்தை எறிந்துவிடலாகாது.

சொற்பொருள்

பரண் – வீட்டின் மேற்பகுதியில் பொருள்கள் வைக்கும் இடம்
பிடரி – கழுத்தின் பின்புறம்
ஊகம் – உறுதியின்றிக் கருதுதல்
கோலம் – தோற்றம்
சுவடி – ஓலை நூல்
புதினம் – நாவல்
எஞ்சிய – மீந்த
அளவுகோல் – அளக்கும் கருவி
திண்ணை – வீட்டின் வாயிலில் அமர்வதற்கான மேடை

இலக்கணக் குறிப்பு

எடுத்த படம் – ‘எடுத்த’ என்பது பெயரெச்சம்
திருப்பிப் பார்த்தாள் – ‘திருப்பி’ என்பது வினையெச்சம்
தாய்தந்தை – உம்மைத்தொகை
அழியாப் புகழ் – ‘அழியா’ என்பது ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம்

பகுபத உறுப்பிலக்கணம்

எழுதினாள் = எழுது + இன் + ஆள்
எழுது – பகுதி. இன் – இறந்தகால இடைநிலை. ஆள் – பெண்பால் வினைமுற்று விகுதி

பயிற்சி

அ. சரியான விடையைத் தேர்ந்தெடுத்து எழுதுக.

1. தமிழின் முதல் பேசும் படம் உருவாக்கப்பட்ட நகரம்
அ) சென்னை ஆ) பம்பாய் இ) புனே ஈ) மதுரை

2. ‘சித்திர பாரதி’ நூலை வெளியிட்டவர்
அ) ஆர்யா ஆ) உ.வே. சாமிநாதையர் இ) ரா.அ. பத்மநாபன் ஈ) ரோஜா முத்தையா

3. ‘மிஸ் கமலா’ படத்தை இயக்கியவர்
அ) எச்.எம். ரெட்டி ஆ) அர்தேசிர் இரானி இ) தியாகராஜ பாகவதர் ஈ) டி.பி. ராஜலட்சுமி

ஆ. பொருத்துக.

1. திருவள்ளுவர் – நிலைப்படம்
2. டி.பி. ராஜலட்சுமி – ஐந்து புகைப்படங்கள்
3. பாரதியார் – கற்பனை ஓவியம்
4. மீனாட்சிசுந்தரம் பிள்ளை – மாணவர் எழுதிய வரலாறு

இ. ஓரிரு தொடர்களில் விடை தருக.

1. பழைய படங்களில் பலர் சிரிக்காமல் இருப்பதற்கு ஒரு காரணம் கூறுக.
2. அக்காலத் தகட்டில் சிவப்பு நிறம் எவ்வாறு தெரியும்?
3. நிலைப்படம் என்றால் என்ன?
4. ‘இது கட்டபொம்மனின் புகைப்படம்’ என்று ஒருவர் கூறினால், அது உண்மையாக இருக்க இயலுமா? காரணம் தருக.

ஈ. ஒரு பத்தியில் விடை தருக.

1. புகைப்படத்திற்கும் ஓவியத்திற்கும் உள்ள வேறுபாட்டைப் பாரதியாரின் படங்களைக் கொண்டு விளக்குக.
2. முற்காலத் திரைப்படங்கள் பல மறைந்தது ஏன்?
3. நிற்பவரின் பெயர் தெரியாதபோதும், சிறுமி அவரைப் பற்றி எழுதி வைத்தது ஏன்? உம் கருத்தை எழுதுக.

உ. உறவுச் சொற்கள்

‘அத்தைப்பாட்டி’, ‘பெரிய தாத்தா’ போன்ற உறவுச் சொற்கள் ஐந்தினைப் பெரியவர்களிடம் கேட்டு எழுதுக. நீ வாழும் மாநிலத்தின் மொழியில் அவ்வுறவுகளை எவ்வாறு அழைக்கின்றனர் என்பதையும் தமிழ் எழுத்தில் எழுதுக.

ஊ. செயல்திட்டம்

உன் வீட்டில் உள்ள பழைய படம் ஒன்றைத் தேர்ந்தெடு. படத்தில் இருப்பவர் யார், எந்த ஊரில், எப்போது, எதற்காக எடுத்தது என்பவற்றை வீட்டில் மூத்தவரிடம் கேள். அவர் வெளியூரில் இருந்தால் தொலைபேசியில் கேள். அவர் கூறியவற்றைப் பத்து வரிகளில் எழுதி வகுப்பில் படித்துக் காட்டு. தெரியாதவற்றைத் தெரியவில்லை என்றே எழுது. படத்தின் பின்புறத்தில் பெயரை எழுத மறவாதே.